14.98 டாலர் ஷூ: ஸ்டார்பரி ஒன், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

ஒரு ஷூவைப் பற்றி எழுத, அதற்குப் பெயர் கொடுத்த ஆட்டக்காரரின் வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதே என் வழக்கமான எண்ணம். காலுக்குப் பொருந்துகிறதா, தரையைப் பிடிக்கிறதா, கொடுத்த காசுக்கு உழைக்கிறதா என்று பார்த்தால் போதும். ஸ்டார்பரி ஒன் மட்டும் இதற்கு விலக்கு. கூடைப்பந்து ஆட்டக்காரர் ஸ்டீபன் மார்பரியின் கதையை விட்டுவிட்டு இந்த ஷூவைப் பேசினால் பாதிதான் பேசியதாகும். அதே போல இந்த ஷூவை விட்டுவிட்டால், அமெரிக்காவில் முடிந்துபோனவர் என்று கருதப்பட்ட ஒருவர் சீனாவுக்குப் போனதன் காரணமும் பிடிபடாது.

முதலில் விலை. 2006 ஆகஸ்டில் இது 14.98 டாலருக்குக் கடைக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் நட்சத்திரங்களின் பெயரில் விற்ற கூடைப்பந்து ஷூக்கள் 150 டாலரையும் தாண்டிக்கொண்டிருந்த காலம் அது. விற்றது ஸ்டீவ் அண்ட் பாரிஸ் என்ற கடைத்தொடர். பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கல்லூரிப் பெயர் அச்சிட்ட சட்டைகளை மலிவாக விற்றுத் தொடங்கிய கடை. பெயரைத் தருவதற்காக மார்பரி பெருந்தொகை எதையும் முன்பணமாக வாங்கவில்லை. விற்பனையில்தான் அவருக்குப் பங்கு. அதைவிட முக்கியமாக, கடையில் விற்கும் அதே ஷூவைத்தான் நியூயார்க் நிக்ஸ் அணிக்காக, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ஆட்டங்களிலும் அணிவேன் என்று சொல்லி, அப்படியே அணிந்தும் காட்டினார். ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் டாலர் சம்பளம் வாங்குபவர் பதினைந்து டாலர் ஷூவில் களமிறங்கியபோது சிரித்தவர்கள் உண்டு. அவர் வளர்ந்த இடம் தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை. புரூக்ளினின் கோனி ஐலண்டில், அரசுக் குடியிருப்பு ஒன்றில், ஏழு பிள்ளைகள் கொண்ட வீட்டில் வளர்ந்தவர் அவர். அந்தத் தெருக்களில் ஒரு பையனின் மதிப்பு அவன் காலைப் பார்த்துத்தான் அளக்கப்பட்டது.

நான் என் முதல் ஜோடியை 2007 வசந்தத்தில் நியூ ஜெர்சியில் ஒரு மாலில் வாங்கினேன். வெள்ளை நிறம், நீலமும் ஆரஞ்சும் கலந்த கோடுகள், கணுக்காலை மூடும் உயரம். இருபது டாலர் தாளை நீட்டி, மீதி வாங்கிக்கொண்டு வந்ததில் ஒரு கூச்சமும் இருந்தது; ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பூங்கா ஆடுகளத்துக்கு வரும் பையன்கள் ஷூவைப் பார்த்தே ஆளை எடைபோடுபவர்கள். முதல் வாரம் குதிகால் பகுதி விறைப்பாகவே இருந்தது. இரண்டு தடிமனான காலுறைகளைப் போட்டு, லேஸை மேல்துளை வரை இழுத்துக் கட்டிய பிறகு கால் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. அரை அளவு பெரிதாக வாங்கியது என் பிழை.

எனக்குப் பிடித்தது அடிப்பாகத்தின் பிடிமானம். மழை நின்று அரைமணி நேரம்கூட ஆகாத சிமெண்டுத் தரையில், பந்தைத் தட்டிக்கொண்டு வேகமாகப் போய்ச் சட்டென்று நின்று இடப்பக்கம் திரும்பினால், வழுக்காமல் நின்றது. மார்பரியின் ஆட்டமே இந்த ஓர் அசைவில்தான் இருக்கிறது: முழு வேகம், ஒரு நிறுத்தம், எதிராளி பின்வாங்கிய அந்த நொடியில் மேலெழும்பி வீச்சு. குஷன் மெத்தென்று இல்லை, தரை காலுக்குத் தெரியும். என்னைப் போல எடை குறைந்த, உயரமும் குறைந்த கார்டுகளுக்கு, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு, அது நல்லதே. கூடைக்கு அடியில் மோதி விழும் பெரிய உடம்புக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைத்திருக்க மாட்டேன். இரண்டு கோடைகள் ஆடினேன். அதே காலத்தில் இதைப் போல எட்டு மடங்கு விலை கொடுத்து நண்பர் வாங்கிய வேறொரு ஷூ, ஒரே கோடையில் பக்கவாட்டில் பிளந்துகொண்டது. அதை வைத்து விதி எதையும் எழுதிவிட முடியாதுதான். ஆனாலும் அன்று அவர் முகம் நினைவிருக்கிறது.

இனி மார்பரி. 1995-96இல் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் கல்லூரியில் அவர் ஆடியது ஒரே ஒரு பருவம். ஆட்டத்துக்குச் சராசரி 18.9 புள்ளிகள் எடுத்து, அணியைத் தேசியப் போட்டியில் கடைசிப் பதினாறு அணிகள் வரை கொண்டுபோனார். அடுத்த கோடையில், அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் என்பிஏ தேர்வில் நான்காவது ஆளாக எடுக்கப்பட்டு, ரே ஆலன் என்ற இன்னொரு புதியவருக்கு மாற்றாக மினசோட்டா அணிக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த இளம் நட்சத்திரம் கெவின் கார்னெட்டுடன் பத்தாண்டு ஆடியிருக்க வேண்டியவர். ஆனால் 1999லேயே நியூ ஜெர்சி அணி, பிறகு பீனிக்ஸ், 2004 ஜனவரியில் சொந்த ஊர் நிக்ஸ். என்பிஏவின் நட்சத்திரங்கள் கிழக்கு, மேற்கு என்று பிரிந்து மோதும் 2001 ஆல் ஸ்டார் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அவர் போட்ட மூன்று புள்ளி வீச்சுகள் இரண்டும்தான் கிழக்கு அணியை 111-110 என்று கரைசேர்த்தன. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 31 புள்ளிகள். எண்களில் குறை சொல்ல எதுவுமில்லை. பயிற்சியாளர்களுடன் ஒத்துப்போவதில்தான் குறை. நிக்ஸில் அது ஊரறிந்த சண்டையானது.

2008இல் எல்லாம் ஒன்றாகச் சரிந்தது. ஜனவரியில் கணுக்காலில் எலும்புத் துருத்தலுக்காக அறுவை சிகிச்சை. (ஷூதான் காரணம் என்று கேலி பேசியவர்களுக்கு: எலும்புத் துருத்தல் என்பது பல வருட ஆட்டம் சேர்த்துவைக்கும் கணக்கு.) ஜூலையில் ஸ்டீவ் அண்ட் பாரிஸ் திவால் மனு கொடுத்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் கடைகளைக் கலைத்து விற்கும் நிலைக்கு வந்துவிட்டது. நன்றாக விற்ற ஒரு ஷூவுக்கு விற்க இடமில்லாமல் போயிற்று. அந்தப் பருவத்தில் நிக்ஸ் 2 கோடி டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்துக்கொண்டே அவரைக் களத்துக்கு வெளியே உட்காரவைத்து, 2009 பிப்ரவரியில் கணக்கை முடித்து அனுப்பியது. பாஸ்டனில் சில மாதங்கள் ஆடியதோடு என்பிஏ முடிந்தது.

2010 ஜனவரியில் அவர் சீனாவின் ஷான்ஷி அணிக்குப் போனதற்கு ஆட்டம் ஒரு காரணம், இந்த ஷூ இன்னொரு காரணம். கூடைப்பந்துப் பித்து முற்றிய அந்த நாட்டில் தன் ஷூவுக்கு ஒரு சந்தை கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். ஷான்ஷி அணியின் ஊரான, நிலக்கரித் தூசு படிந்த தையுவான் நகரில் தொடங்கி, ஃபோஷானில் ஒரு பருவம் ஆடி, 2011இல் பெய்ஜிங் டக்ஸ் அணிக்கு வந்தார். அப்போது சீன லீகில் ஓர் அணி பொதுவாக வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருவரையே வைத்துக்கொள்ள முடிந்தது, அவர்கள் களத்தில் நிற்கும் நேரத்துக்கும் வரம்பு இருந்தது. ஆகவே ஓர் அமெரிக்கர் தான் மட்டும் புள்ளி குவித்துக் கோப்பை வாங்கிவிட முடியவில்லை. உள்ளூர்ப் பையன்களை ஆடவைக்கத் தெரிய வேண்டியிருந்தது. நியூயார்க்கில் அவரிடம் இல்லை என்று சொல்லப்பட்ட குணம் அதுவே. 2012 மார்ச்சில், அதுவரை ஒரு முறைகூடக் கோப்பை தொடாத பெய்ஜிங், முந்தைய எட்டுப் பருவங்களில் ஏழு முறை வென்றிருந்த குவாங்டாங் அணியை இறுதித் தொடரில் 4-1 என்று வீழ்த்தியது. கடைசி ஆட்டத்தில், 35 வயதில், அவர் 41 புள்ளிகள் எடுத்தார். அரங்கத்துக்கு வெளியே சிலை வைத்தார்கள். 2014லும் 2015லும் மீண்டும் கோப்பை வந்தது.

இரசிகர்கள் அவரை 'லாவ் மா' என்றார்கள். அவர் பெயரின் சீன வடிவத்தில் முதல் எழுத்து 'மா', குதிரை. 'லாவ்' என்பது மூத்தவரை உரிமையோடு அழைக்கும் சொல். ஆட்ட நாளில் மெட்ரோ ரயில் ஏறி அரங்கத்துக்குப் போன நட்சத்திரத்துக்கு அந்தப் பெயர் பொருத்தமே. பதினைந்து டாலர் ஷூ போட்ட ஆளும் மெட்ரோவில் நின்றுகொண்டு போன ஆளும் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியதுண்டு. 2018 பிப்ரவரியில், 41 வயது நிறைவதற்குச் சில நாள் முன்பு, பெய்ஜிங் நகரிலேயே கடைசி ஆட்டம் ஆடினார்.

சென்ற ஆண்டு, ஆசைப்பட்டு, பெட்டி பிரிக்காத பழைய ஜோடி ஒன்றை இணையத்தில் ஒரு மறுவிற்பனையாளரிடம் வாங்கினேன். ஐந்து மடங்கு விலை, அனுப்பிவைக்க மூன்று வாரம், வந்தது ஓர் அளவு சிறியது. எப்படியோ காலைத் திணித்து, வீட்டு முன் சிமெண்டில் பந்தைத் தட்டிப் பத்து அடி ஓடுவதற்குள் வலது ஷூவின் அடிப்பாகம் ஒட்டு விட்டு வாயைப் பிளந்தது. இதில் ஷூவின் குற்றம் ஏதுமில்லை. எந்த நிறுவனத்தின் பசையும் இத்தனை ஆண்டு பெட்டிக்குள் கிடந்தால் காய்ந்துதான் போகும். பழைய ஜோடி கிடைத்தால், அலமாரியில் வைக்க மட்டும் வாங்குங்கள். ஆட வேண்டுமென்றால் முதலில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடிப்பாகத்தைச் சுற்றித் தைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது இப்போது அவரிடம்தான் இருக்கிறது. நூலுக்கும் கூலிக்கும் அவர் கேட்டது பதினெட்டு டாலர். ஷூ புதிதாக விற்ற விலையைவிட மூன்று டாலர் அதிகம்.