சர்ஜிக்கல் பேத்தாலஜி போஸ்டிங் – என் ரிவ்யூ

எம்டி பேத்தாலஜி ஜூனியர்ஸ், நான் சர்ஜிக்கல் பேத்தாலஜி (ஆபரேஷன்ல எடுத்த திசுவைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கற பிரிவு) போஸ்டிங் போன ஆஸ்பத்திரிக்கு போகலாமானு கேட்டுட்டே இருக்கீங்க, ஆஸ்பத்திரி பேர் மட்டும் கேக்காதீங்க. குரோசிங் (வந்த திசுவை கண்ணால பார்த்து, அளந்து, பிட்டு பிட்டா வெட்டி எடுக்கறது) டிரெய்னிங் செம! மாஸ்டெக்டமி ஸ்பெசிமன் (ஆபரேஷன்ல எடுத்த மார்பகம்) வந்தா மார்ஜினுக்கு (வெட்டி எடுத்த ஓரத்துக்கு) இங்க் தடவுறதுல இருந்து கட்டி எத்தன செ.மீ, எந்த பிட்டு எந்த கேசட் (திசு பிட்டு வைக்கற குட்டி டப்பா)னு எல்லாமே நம்ம கையாலயே செய்ய விடுறாங்க, சீனியர் பக்கத்துலயே நிப்பாரு, இங்க் காயறதுக்குள்ள கத்தி வச்சோம்னா திட்டு கன்ஃபார்ம், ஏன்னா இங்க் உள்ள இறங்கிட்டா அப்புறம் ஸ்லைடுல மார்ஜினை நம்பவே முடியாது. ஃப்ரோசன் செக்‌ஷன் (ஆபரேஷன் நடக்கறப்பவே திசுவை உறைய வச்சு பார்க்கறது) ரிசல்ட்டை 20 நிமிஷத்துக்குள்ள ஆபரேஷன் தியேட்டருக்கு போன்ல சொல்லிடுறாங்க. மல்டிஹெட் மைக்ரோஸ்கோப்ல (ஒரே ஸ்லைடை பல பேர் சேர்ந்து பார்க்கறது) ரிப்போர்ட் பண்றப்போ நம்ம டயக்னோசிஸைத்தான் முதல்ல கேப்பாங்க, தூங்கவே முடியாது 😄

குரோசிங் ரூம்ல எக்ஸாஸ்ட் சும்மா பேருக்கு, ஃபார்மலின் (திசு கெடாம இருக்க ஊத்தற கெமிக்கல்) நெடில கண்ணு எரியுது. அதவிட கடுப்பு கவுண்டர்தான். செகண்ட் ஒப்பீனியனுக்கு பிளாக் (மெழுகுல பதிச்ச திசு) வாங்க வர்ற பேஷண்ட் வீட்டு ஆளுங்கள, பாவம், ஒரு லெட்டருக்காக மாடிக்கும் கீழுக்குமா அலைய விடுறாங்க. கத்துக்கணும்னா தாராளமா போங்க, நல்ல மாஸ்க் ஒண்ணு கையோட எடுத்துட்டுப் போங்க.