லேசருக்குப் போன இடத்தில் காற்று ஊதிப் பார்த்தார்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பட்டியலில் பல்லும் கண்ணும் எப்படியும் இடம்பிடித்துவிடும். இந்த முறை என் பட்டியலில் கண்ணாடியைக் கழற்றவைக்கும் லேசர் சிகிச்சை. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஏழரை. லீவு முடிவதற்குள் செய்துகொண்டு, கண்ணாடி இல்லாமல் விமானம் ஏறிவிடலாம் என்பது திட்டம். கண்ணாடியோடுதான் திரும்பியிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. இதே திட்டத்தோடு டிக்கெட் போட்டிருப்பவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

முதலில் போன இடத்தில் வேகம் அபாரம். பெயர் கொடுத்ததிலிருந்து பவர், கண்ணின் முன்பக்கத் தெளிவான படலமான கார்னியாவின் தடிமன் என்று எல்லாம் மளமளவென்று முடிந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே, சிகிச்சை விவரம் பேசும் கவுன்சிலர் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். “528 மைக்ரான் இருக்கு மேடம், தாராளமா பண்ணலாம். நாளைக்குக் காலைலயே ஸ்லாட் இருக்கு.” ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காண்டாக்ட் லென்ஸைக் கழற்றி எத்தனை நாளாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. லென்ஸ் கார்னியாவின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றி வைத்திருக்கும். சாஃப்ட் லென்ஸ் என்றாலே ஒன்றிரண்டு வாரம், ரிஜிட் லென்ஸ் என்றால் இன்னும் அதிகம் கழற்றிவைத்த பிறகு எடுக்கிற அளவைத்தான் நம்பலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த இடத்தில் அப்பாயின்ட்மென்டுக்கு போன் செய்தபோதே லென்ஸ் பற்றிக் கேட்டார்கள், “கழட்டி வெச்சுட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க” என்றார்கள். ஊருக்கு வந்தவர்களுக்கு இரண்டு வாரம் என்பது பெரிய சொத்து. ஆகவே விமானம் ஏறுவதற்கு முன்பே லென்ஸைக் கழற்றிவிடுங்கள்.

அங்கேதான் அந்த மெஷினைப் பார்த்தேன். தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி, நீல வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். டப்பென்று ஒரு ஊதல். கண் அழுத்தம் பார்க்க ஊதுவார்களே, அதேதான். ஆனால் இதில் நொடிக்கு 4,330 படம் எடுக்கும் கேமரா உண்டு. ஊதல் பட்ட முப்பது சொச்சம் மில்லிசெகண்டுக்குள் சுமார் 140 படம். அதைத் திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார் டெக்னீஷியன். வெளிப்பக்கம் வளைந்திருந்த கார்னியா முதலில் தட்டையாகிறது, பிறகு உள்பக்கம் சுமார் ஒரு மில்லிமீட்டர் குழிகிறது, மறுபடி தட்டையாகி, லேசாக நடுங்கிப் பழைய வளைவுக்கு வருகிறது. என் கண்ணுக்குள் இப்படியொரு ஆட்டம் நடந்தது எனக்குத் தெரியவே இல்லை. சொட்டு மருந்து போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டார்கள்.

டாக்டர் அவசரப்படாமல் விளக்கினார். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். கார்னியாவின் தடிமனில் சுமார் 90 சதவீதம் ஸ்ட்ரோமா. அது கொலாஜன் தகடுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கிய திசு. முன்பக்கத் தகடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், பின்பக்கம் போகப்போகப் பின்னல் குறைந்து வெறும் அடுக்காகிவிடும். எனவே பலமெல்லாம் முன்பக்கத்தில்தான். லேசிக் என்ற லேசர் சிகிச்சை கைவைப்பதும் அங்கேயேதான்.

என் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினார். முதலில் மூடிபோல் வெட்டித் திறக்கிற ஃப்ளாப் 110 மைக்ரான். ஆறரை மில்லிமீட்டர் வட்டத்தில் மைனஸ் ஏழரையைச் சரிசெய்யச் சுமார் 106 மைக்ரான் செதுக்க வேண்டும். 528-இல் இரண்டையும் கழித்தால் 312. அடியில் குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி, பலர் இப்போது 300 கேட்கிறார்கள். இரண்டிலும் நான் பாஸ். முதல் இடத்து கவுன்சிலர் சொன்ன ‘தாராளம்’ இதுதான். ஆனால் ஃப்ளாப்பைத் திரும்ப மூடினாலும் அது பழையபடி பாரம் தாங்காது. ஆகவே ஃப்ளாப்பும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் எத்தனை சதவீதம் என்றும் பார்ப்பார்களாம். 40-ஐத் தொட்டால் யோசிக்க வேண்டும். என்னுடையது கிட்டத்தட்ட 41. கூடவே ஊதல் படத்தில் என் கார்னியா சராசரியைவிடச் சற்று அதிகமாகக் குழிகிறது. “ஒவ்வொண்ணும் தனியா பெரிய விஷயம் இல்ல. சேர்ந்து வரும்போது நான் கை வைக்க மாட்டேன்” என்றார். பலவீனமான கார்னியாவை இன்னும் மெலிதாக்கினால் அது மாதங்கள், ஆண்டுகள் கழித்து முன்பக்கம் புடைக்கலாம். எக்டேசியா என்கிறார்கள். அபூர்வம்தான். வந்துவிட்டால் போன பார்வையைக் கண்ணாடி போட்டும் முழுசாக மீட்க முடியாது.

“அப்போ கார்னியா மெத்துன்னு இருக்கறதாலதான் எனக்கு மைனஸ் வந்ததா?” என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலுக்காகவே அந்த இடத்துக்கு முழு மார்க் போடுவேன். இல்லை என்றார். கிட்டப்பார்வை பெரும்பாலும் கண்ணின் நீளத்தால் வருவது. பெரியவர்களுக்குச் சராசரி 24 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், எனக்கு 26.8. ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று வரை மைனஸ் ஏறும். நீள்வது கண்ணின் வெள்ளைச் சுவரான ஸ்க்ளீரா, முக்கியமாகப் பின்பக்கத்தில். அதுவும் கார்னியாவைப் போலக் கொலாஜனால் ஆனதுதான். ஆனால் கண்ணின் பின்பக்கத்தைத் தொட்டு அளக்க வழியில்லை. முன்னால் இருக்கிற கார்னியாவின் நடத்தையிலிருந்து பின்னால் இருப்பதை ஊகிக்க முடியுமா என்று ஆராய்ச்சியாளர்கள் பார்க்கிறார்கள்.

அதிக மைனஸ் உள்ளவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால் கார்னியா ஹிஸ்டெரிசிஸ் சராசரியாகக் குறைவு என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஊதலின் ஆற்றலைக் கார்னியா எவ்வளவு உள்வாங்கித் தணிக்கிறது என்பதற்கான அளவு அது. வண்டி ஷாக் அப்சார்பர் செய்கிற வேலை. எல்லாருக்கும் பொதுவாக 10, 11-ஐ ஒட்டி வரும். குறைந்தால் ‘மெத்து’ என்று நேரடியாக அர்த்தமாகாது, விறைப்பு என்பது வேறு கணக்கு. குறைவான, நடுத்தர மைனஸ்காரர்களிடம் வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஒரே பவர் உள்ள இரண்டு பேருக்கு எதிரெதிர் எண் வரலாம். வயது, தடிமன், கண் அழுத்தம் மூன்றும் இந்த எண்ணை ஆட்டிவைக்கும். கண் நீண்டதால் கார்னியா மாறியதா, திசு முதலிலிருந்தே அப்படி இருந்ததால் கண் நீண்டதா என்பது இன்னும் தீரவில்லை. பிளாஸ்டிக் கவரில் ரிப்போர்ட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிற இடங்களில் இவ்வளவு நேரம் யார் உட்கார்ந்து பேசுவார்கள்?

கூட வந்த அக்காவுக்கு அவள் பெண்ணின் கவலை. ஒன்பது வயதில் மைனஸ் இரண்டு, ஏறிக்கொண்டே போகிறது. “இவளுக்கும் இந்த ஊதல் டெஸ்ட் எடுத்தா எவ்வளவு ஏறும்னு தெரியுமா டாக்டர்?” அதைச் சொல்கிற அளவுக்கு இந்த டெஸ்ட் இன்னும் வரவில்லை என்று மறுத்துவிட்டார். அவளுக்குத் தேவை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண் நீளம் அளப்பது, வெளி வெளிச்சத்தில் விளையாடுவது, தேவைப்பட்டால் மைனஸ் ஏறுவதை மெதுவாக்கும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு. குழந்தை அடிக்கடி கண்ணைக் கசக்குகிறாளா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். கசக்கும் பழக்கம் கெரட்டோகோனஸோடு தொடர்புடையது. அதில் கார்னியா மெலிந்து கூம்பாகும், ஒழுங்கில்லாத வளைவால் வரும் சிலிண்டர் பவரோடு மைனஸும் ஏறும். அப்படி ஏறுகிற பவரை வெறும் கிட்டப்பார்வை என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருந்துவிடக் கூடாது. சீக்கிரம் பிடித்தால் ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டு விட்டு, புற ஊதாக் கதிர் காட்டி, கொலாஜன் இழைகளை இறுக்கி நிறுத்திவைக்கிற சிகிச்சை இருக்கிறது.

எனக்குக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஒன்றைச் சொன்னார். கார்னியாவைச் செதுக்க வேண்டாம். ஆனால் அதற்கான அளவெடுப்பு, லென்ஸ் வரவழைப்பது, பிறகு ஃபாலோ அப் எல்லாம் ஒரு லீவுக்குள் அடங்காது, அடுத்த முறை பார்க்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார். லேசரோ லென்ஸோ எது செய்தாலும் கண்ணின் நீளம் குறையப்போவதில்லை, அதனால் இழுபடும் விழித்திரைக்கான ஆபத்தும் அப்படியேதான், வருஷா வருஷம் விழித்திரை பரிசோதனை தொடர வேண்டும் என்பதையும் அழுத்திச் சொன்னார். கண்ணாடி போனால் ஆபத்தும் போயிற்று என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறைய.

ரிப்போர்ட்டுகளை, அந்த ஊதல் வீடியோ உட்பட, பென் டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டதும் கொடுத்தார்கள். தடிமன் குறைவாகவோ எளிதில் வளைவதாகவோ இருக்கிற கார்னியாவில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். அதிக மைனஸ் உள்ளவர்களுக்குக் க்ளாக்கோமா (கண் அழுத்தத்தோடு தொடர்புடைய கண் நரம்புச் சேதம்) வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். நான் வசிக்கிற ஊர் கண் மருத்துவர் இத்தனை வருஷமும் “நார்மல்” என்று எழுதிவந்த கண் அழுத்த எண்ணை இந்த ஃபைலை வைத்துத் திரும்பப் பார்க்கச் சொல்லி அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன்.