அல்சூர் மாடி வீட்டுக்கு ஈய பேட்டரியா, லித்தியமா?

பெங்களூரில் கோடை மழை அடித்துப் பெய்தால் மின்சாரம் இருக்குமா என்று சொல்ல முடியாது. அல்சூரில் மாடியில் குடியிருப்பவர் இன்வெர்ட்டருக்கு எந்த பேட்டரி வாங்கலாம் என்று கேட்டால், முதலில் படிக்கட்டைப் பார்க்கச் சொல்வேன். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் ஈய பேட்டரி 50 கிலோவைத் தாண்டும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை ஒருவரே தூக்கிவிடலாம்.

150தானே பெரிது என்று கடையில் ஏமாற வேண்டாம். 12 வோல்ட்டில் அது 1,800 வாட்-மணி. ஆனால் ஈய பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். ஆக, கவலையின்றி எடுக்கக்கூடியது 900தான். லித்தியம் 12.8 வோல்ட், அதன் 1,280 வாட்-மணியில் 80 சதவீதம் எடுத்தாலே 1,000ஐத் தாண்டிவிடுகிறது. சார்ஜும் சீக்கிரம் ஏறும்.

1859இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பிளான்டே உருவாக்கிய ஈய பேட்டரிக்கு இன்றும் பணிவிடை செய்யவேண்டியிருக்கிறது. நீர் மட்டம் காட்டும் மிதவை தாழ்ந்தால் காய்ச்சி வடித்த நீர் ஊற்றவேண்டும், முனையில் பூக்கும் பொடியைத் துடைக்கவேண்டும். சார்ஜ் ஏறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளியேறும். அந்த பேட்டரியைப் பூஜை அறை மூலையில், விளக்குக்குப் பக்கத்தில் வைப்பவர்களை என்னவென்று சொல்வது! பழசைப் போட்டால் ஈயத்துக்குக் காசு கிடைக்கும், அது ஒரு லாபம்.

லித்தியம் விலை அதிகம். மாடியில் சோலார் வைத்துத் தினமும் ஏற்றி இறக்குபவருக்கு அந்தப் பணம் தகும். எப்போதாவது வரும் மின்வெட்டுக்கு மட்டும் என்றால் ஈயமே போதும். லித்தியம்தான் என்று முடிவு செய்தால், பழைய இன்வெர்ட்டரில் அதற்கான சார்ஜ் வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.