ஐஒய்பிடி இயற்பியல் போட்டி: ஆய்வகச் சாவி வைத்திருப்பவனின் மதிப்புரை

பிள்ளையை இதில் சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். நான் ஆசிரியர் இல்லை. சிங்கப்பூரில் ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் கருவிகளை எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் எண்ணி வாங்கி வைப்பவன். ஐஒய்பிடி எனப்படும் சர்வதேச இளம் இயற்பியலாளர் போட்டிக்குப் பிள்ளைகள் தயாராகும் மாதங்களில் கடைசி ஆளாகக் கதவைப் பூட்டுவதும் நான்தான்.

1979-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போட்டி இது. 1988 முதல் பல நாடுகளுக்கானது. ஒரு அணிக்கு ஐந்து மாணவர்கள். ஓர் ஆண்டு முன்பே 17 கேள்விகள் கொடுத்துவிடுவார்கள். எதற்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்காது. அணிதான் ஒரு கருதுகோளை முன்வைத்து, சோதனை செய்து, அதற்காக வாதாட வேண்டும்.

2019-இல் வார்சாவில் நடந்த போட்டியின் கேள்விகளில் ஒன்று எனக்குப் பிடித்தமானது. பாட்டிலில் தண்ணீர் நிரம்பும்போது எழும் ஒலி ஏன் மாறுகிறது? குழாயடியில் குடம் பிடித்தவர் எவருக்கும் தெரியும், நிரம்ப நிரம்ப சத்தம் கீச்சென்று ஏறும். உள்ளே இருக்கும் காற்றுத் தூண் குட்டையாவதால் என்று எந்த மாணவரும் உடனே சொல்லிவிடுவார். சரி, அந்த ஒலி முதலில் எங்கே பிறக்கிறது? விழும் நீர் இழுத்துச் செல்லும் காற்றுக் குமிழிகளிலா, பாட்டில் சுவரிலா, கழுத்திலா? ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி தண்ணீருக்குள் சுமார் 3.3 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 3,300 அதிர்வுகளில் ஒலிக்கும். அது தூணின் ஒலியோடு எப்படிச் சேர்கிறது? இங்கே வந்ததும் பிள்ளைகள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறார்கள். வகுப்பில் நான் பார்க்காத முகம் அது.

மேடையில் நடப்பதை ‘பிசிக்ஸ் ஃபைட்’ என்பார்கள். ஒரு அணியின் அறிக்கையாளர் தங்கள் விடையை விளக்கி 12 நிமிடம் பேசுவார். எதிரணியிலிருந்து ஒருவர் வந்து ஓட்டைகளைத் தேடுவார். மூன்றாவது அணியின் மதிப்பாய்வாளர் இருவரையும் கேட்டு, விவாதத்தில் எது விட்டுப்போனது என்று சொல்வார். நடுவர்கள் 1 முதல் 10 வரை எண் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அறிக்கையாளரின் எண்ணை மூன்றாலும், எதிர்ப்பவரின் எண்ணை இரண்டாலும், மதிப்பாய்வாளரின் எண்ணை ஒன்றாலும் பெருக்குவது வழக்கம்.

இந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. நன்றாகப் பேசும் பிள்ளையை அறிக்கையாளராக்கி, கூச்ச சுபாவமுள்ளவரை மதிப்பாய்வாளர் நாற்காலியில் உட்கார வைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் கஷ்டமான வேலை அவருடையதுதான். தயார் செய்த ஸ்லைடு உதவாது. இருவர் சண்டை போடும்போது காது கொடுத்துக் கேட்டு, “நீங்கள் இருவரும் உராய்வைப் பற்றிப் பேசவே இல்லையே” என்று இரண்டு நிமிட அவகாசத்தில் தயாராகிச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கே வராது.

எதிரணியைச் சமாளிப்பதும் கஷ்டம்தான். அவர்கள் 17-இல் எதைக் கேட்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. அவர்கள் கேட்பதில் சிலவற்றை அறிக்கையாளர் அணி மறுக்கலாம், அளவுக்கு மேல் மறுத்தால் அறிக்கையாளரின் எண்ணைப் பெருக்கும் அந்த மூன்று குறையும். அதனால் வேலையைப் பங்கிட்டே ஆக வேண்டும். ஒரே மேதாவி அணியைத் தூக்கிச் சுமக்க முடியாது.

குறைகள் உண்டு. பெரியது பணம். அதிவேக கேமரா உள்ள பள்ளிக்கும், கைப்பேசியில் மெதுவாக ஓடும் வீடியோ எடுக்கும் பள்ளிக்கும் ஒரே அளவுகோல் என்பார்கள், பார்க்க அப்படித் தெரிவதில்லை. இரண்டாவது மொழி. போட்டி முழுக்க ஆங்கிலத்தில்தான். யோசனையில் கெட்டிக்காரராக இருந்தும், வாய் தடுமாறி மதிப்பெண் இழந்த பிள்ளைகளை அறிவேன். மூன்றாவது, ஸ்லைடுகள் சில சமயம் பயிற்சியாளர் கை பட்டவை என்று பார்த்ததுமே தெரியும். என்ன செய்ய, எதிரணியின் இரண்டாவது கேள்வியிலேயே அந்தச் சாயம் வெளுத்துவிடும்.

மார்க்குக்காகச் சேர்ப்பவர்கள் வேண்டாம். இதற்கான நேரத்தில் பள்ளிப் பாடம் கொஞ்சம் அடிபடும். அதை முன்பே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. தோற்றால் சமாதானம் செய்யத் தெரிந்த பெற்றோர் தாராளமாகச் சேர்க்கலாம். உருட்டும் பந்தையும் ஊசலையும் விட்டு எழுந்திருக்காத பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஒரு போட்டி முடிந்த கையோடு அடுத்த ஆண்டின் கேள்விகள் வந்துவிடும். அப்போதே சேருங்கள், நாலைந்து மாதம் கழித்து வந்தால் மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய கேள்விதான் மிஞ்சும். அப்புறம் ஒரு வேண்டுகோள். அதே 2019-இல் சோயா சாஸின் மெல்லிய அடுக்கில் லேசர் பாய்ச்சும் கேள்வியும் இருந்தது. கறுப்புச் சாஸ் சூடேறி ஒளியை லென்ஸ்போல் வளைக்கும், பார்க்க அழகுதான். சிந்தியதைத் துடைக்கத் துணி வீட்டிலிருந்து கொடுத்தனுப்புங்கள்.