பழைய ஹினோ லாரியின் துருவுக்கு எலுமிச்சை உப்பு: எதைக் கரைக்கும், எதைக் கரைக்காது

எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர்ப் பாதையில் பிடித்த துருவைக் கழுவ, மளிகை மொத்தக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்றும் எலுமிச்சை உப்பு என்றும் கிடைக்கிற வெள்ளைத் தூளைத்தான் இங்கே எடைபோடுகிறோம். ஜப்பானிய ஈட்டுத்தொகை உதவியோடு பர்மாவிலேயே பூட்டி இறக்கிய பழைய ஹினோ லாரிகளும் அந்தக் காலத்து மற்ற டீசல் லாரிகளும் வார்ப்பிரும்பு எஞ்சின் பிளாக், செம்பு பித்தளை ரேடியேட்டர் உள்ளவை. அவற்றுக்கு இந்தத் தூள் நன்றாகவே பொருந்தும். இரும்பில் ஒட்டிய துருவுக்கு இந்த விலையில் இதைவிட நல்ல மருந்து கிடையாது. பிளாக்கின் அடியில் படிந்த சேற்றுக்கோ இது மருந்தே இல்லை. சேற்றை எடுக்காமல் தூளைக் கரைத்து ஊற்றியவர்கள்தான் பிறகு தூளைக் குறை சொல்கிறார்கள்.

ஐராவதி ஆற்றுத் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றியே ஓடிய லாரிக்குள் வண்டலும் துருவும் சேர்ந்து குழம்பாகக் கிடக்கும். வாட்டர் பம்பிலிருந்து தள்ளி இருக்கிற கடைசி சிலிண்டரைச் சுற்றித் தண்ணீரின் வேகம் குறைவு. குழம்பு அங்கேதான் தங்கும். மாந்தலேயிலிருந்து மேமியோ மலை ஏறும்போது கொதிக்கிற லாரியில் ரேடியேட்டரை மட்டும் கழற்றிக் கழுவி ஏமாறுவது இதனால்தான். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயை (ட்ரெயின் காக்) திறந்து பாருங்கள். ரேடியேட்டர் காலியாகிறது, பிளாக்கிலிருந்து சொட்டுக்கூட வரவில்லை என்றால் உள்ளே சேறு அடைத்திருக்கிறது. வடிகுழாயை முழுதாகக் கழற்றி, சைக்கிள் கம்பியை விட்டுக் கிளறுங்கள். அப்படியும் வராவிட்டால் பிளாக்கின் துளையை மூடியிருக்கும் தகட்டு மூடியான கோர் பிளக்கைப் பின்பக்கத்தில் தட்டி எடுத்து, வளைந்த கம்பியால் சுரண்டி வெளியே இழுக்க வேண்டியதுதான். மணலை எந்த எலுமிச்சையும் கரைக்காது.

அடுத்தது எதிர்த்திசைக் கழுவல். தண்ணீர் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் பிரித்து, பிளாக்கைத் தனியாகவும் ரேடியேட்டரைத் தனியாகவும் கழுவுங்கள். சேர்த்துக் கழுவினால் பிளாக்கின் சேறு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் போய் உட்காரும். காற்று கொடுப்பதாக இருந்தால் 10 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம். பழைய ஈயப் பற்று பிரிந்துவிடும்.

இப்போதுதான் தூளின் வேலை. அளவு லிட்டருக்கு 50 கிராம். வீசைக் கணக்கில் வாங்குகிறவர்கள் கவனிக்க: பர்மா வீசை 1.63 கிலோ, தமிழ்நாட்டுப் பழைய வீசை 1.4 கிலோ. பர்மா வீசை ஒன்று 32 லிட்டருக்குச் சரியாக இருக்கும். லாரிக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதை ஊகிக்காமல், வடித்த தண்ணீரை வாளியால் அளந்து கொள்ளுங்கள். சேறு எடுத்த பிறகு இன்னும் கூடுதலாகப் பிடிக்கும்.

தூளை வெந்நீரில் தனியாகக் கரைத்து ஊற்ற வேண்டும். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டி, ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையை வைத்து 70 முதல் 80 டிகிரி வரை சூடேற்றி, 30 முதல் 45 நிமிடம் ஓட விடுங்கள். மேல் ஹோஸின் ரேடியேட்டர் முனையில் நைலான் வலைத் துணியைச் செருகி வைத்தால், பெயர்ந்து வரும் துருச் செதில் குழாய்களை அடைக்காது. வலை நிறைந்தால் நீரோட்டம் நின்றுவிடும், வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்க வேண்டாம். நேரம் முடிந்ததும் சூடு ஆறுவதற்குள் வடித்துவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் இன்னும் சுத்தமாகும் என்பது தவறான நம்பிக்கை: கரைந்த இரும்பு மறுபடி சேறாகப் படியும், ஆசிட் நல்ல இரும்பையும் தின்னும். கரும்பழுப்பாக வந்தால் புதுக் கரைசலில் இன்னொரு முறை செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம்.

தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிய பிறகு, 20 லிட்டருக்கு 100 கிராம் சமையல் சோடா கரைத்து 10 நிமிடம் ஓட்டி, மறுபடி அலசுங்கள். ஆசிட் உள்ளே இருக்கும்போதே சோடாவைப் போட்டால் நுரை பொங்கி மூடி வழியே கொதிநீர் தெறிக்கும்.

மற்ற சரக்குகளோடு ஒப்பிட்டால்: பாட்டிலில் வரும் ரேடியேட்டர் கழுவி பெரும்பாலும் கார் அளவுக்கானது, லாரிக்கு நாலைந்து பாட்டில் தேவைப்படும். உப்பு ஆசிட் (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) வேகமானது, ஆனால் ஈயப் பற்றையும் இரும்பையும் சேர்த்தே அரிக்கும். அதைக் கிட்டவே சேர்க்காதீர்கள். ஆக்சாலிக் ஆசிட் நஞ்சு, கரையாத மஞ்சள் படிவையும் விட்டுவைக்கும். பித்தளைக் குடம் துலக்குகிற புளி துருவைக் கரைக்கும்தான், ஆனால் அதன் சக்கை குழாய்களில் சிக்கும். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் எலுமிச்சை உப்பு அதை ஒன்றும் செய்யாது. எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சரிசெய்து, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிய பிறகே துருவுக்கு வாருங்கள்.

ரேடியேட்டர் சூடாக இருக்கும்போது அதன் முகத்தில் கால்வாசி இடம் குளிர்ந்தே கிடந்தால் தூளை வீணாக்க வேண்டாம். மேல் தொட்டியின் பற்றைப் பிரித்துக் குழாய்களைக் கம்பியால் குத்தி எடுக்கும் பட்டறைக்கு அனுப்புங்கள்.

கழுவிய இரும்பு சில மணி நேரத்திலேயே மறுபடி துருப்பிடிக்கும், அன்றைக்கே கூலன்ட் ஊற்றிவிட வேண்டும். சமவெளியில் உறைபனி இல்லை, மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும். சிலிண்டர் உறையின் வெளிப்பக்கத்தைத் தண்ணீர் நேரடியாகத் தொடுகிற ஈர லைனர் எஞ்சினாக இருந்தால் கனரக டீசலுக்கென்று எழுதியிருப்பதை வாங்குங்கள், லைனரில் குழி விழுவதை அதிலுள்ள மருந்துதான் தடுக்கும். கலக்கக் காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைக்காவிட்டால் மௌல்மீன் பக்கம் கொட்டுகிற மழையே போதும்: துருப்பிடித்த தகரக் கூரையிலிருந்து வழிவதை விட்டுவிட்டு, வெட்டவெளியில் பாத்திரம் வைத்துப் பிடியுங்கள். வறண்ட பகுதிக் கிணற்று நீர் வேண்டாம், உப்பும் சுண்ணாம்பும் அதிகம். கொதிக்கிறதே என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கமும் போக வேண்டும். பைபாஸ் (ரேடியேட்டரைத் தொடாத குறுக்குவழி) உள்ள எஞ்சினில் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

துருவே அடைப்பாக இருந்து தாங்கிய ஓட்டைகள் இனி ஒழுகும். கோர் பிளக்குகள், இரண்டு ஹோஸ், தெர்மோஸ்டாட் கேஸ்கெட் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். மூன்று நாள் ஓடிய பிறகு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிளாக்கின் வடிகுழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துப் பாருங்கள். அடியில் பழுப்பு வண்டல் தங்கினால் வடித்து வெறும் தண்ணீரால் இன்னொரு அலசல், பிறகு புதுக் கூலன்ட்.