தண்ணீர் ராக்கெட்டுக்காகவே அனுப்பலாம்: ஏற்காட்டில் ஒரு விண்வெளி, விமானவியல் முகாம்

கடந்த மே மாதம் ஏற்காட்டில் ஒரு தனியார் அமைப்பு நடத்திய மூன்று நாள் விண்வெளி, விமானவியல் முகாமில் எட்டாம் வகுப்பு முடித்த என் மகளையும், ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்த என் அண்ணன் மகனையும் சேர்த்திருந்தேன். சேலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துபவள் என்பதால், பிள்ளைகளுக்குத் துணையாக உடன் தங்கும் பெரியவர்களில் ஒருத்தியாக என்னையும் அனுமதித்தார்கள். கட்டணம் தலைக்கு 7,500 ரூபாய். தங்குமிடம், சாப்பாடு, வேன் எல்லாம் அதில் அடங்கும். அந்தப் பணத்துக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை, அடுத்த விடுமுறையில் பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் காலை சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்தின் வெளிப்புறத்தில் தொடங்கியது. 2023 அக்டோபரில், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உதான் திட்டத்தின்கீழ் மீண்டும் பயணிகள் விமானம் வரத் தொடங்கிய நிலையம் அது. விமானம் இறங்குவதை வேடிக்கை பார்த்ததோடு நிற்காமல், ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் 04, 22 என்று ஏன் எண்ணிட்டிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளே காந்த ஊசியையும் வரைபடத்தையும் வைத்துக் கண்டுபிடிக்கும்படி பயிற்றுநர் விட்டுவிட்டார். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 40 டிகிரி (மூன்று இலக்கத்தில் 040), எதிர்முனையிலிருந்து பார்த்தால் 220 டிகிரி. கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டால் அந்த எண்கள் வந்துவிடுகின்றன. எளிய செய்திதான், ஆனால் சொல்லித் தெரிவதற்கும் தானே கணக்கிட்டு அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பிள்ளைகளின் முகத்தில் பார்த்தேன்.

மலையேறும் வழியும் பாடமாகவே அமைந்தது. வேனுக்குள் ஒரு காற்றழுத்தமானியை வைத்து, அடிவாரத்தில் 965 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருந்த அழுத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போனபோது 860 அளவுக்கு இறங்கியதைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போவதற்குள் தலையணைபோல உப்பியிருந்தது. பயணிகள் விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் அதன் உள்ளறை அழுத்தத்தைச் சுமார் 8,000 அடி உயரத்துக்குரிய அளவைவிடக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதையும், ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி என்பதையும் சேர்த்துச் சொன்னபோது, ஊர் மலையையே அளவுகோலாக வைத்துப் பிள்ளைகளால் அதை விளங்கிக்கொள்ள முடிந்தது.

இரண்டாம் நாளின் தண்ணீர் ராக்கெட்டுக்காகவே இந்த முகாமைப் பரிந்துரைப்பேன். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில், அட்டையில் வெட்டிய மூன்று துடுப்புகள், மூக்கில் ஒரு உருண்டை களிமண், சைக்கிள் பம்பு ஆகியவைதான் கருவிகள். களிமண் எதற்கு என்று உடனே சொல்லாமல், அது இல்லாத ராக்கெட்டை முதலில் ஏவ வைத்தார்கள். அது பத்தடி போனதும் தலைகுப்புறச் சுழன்று விழுந்தது. பிறகு ராக்கெட்டை ஒரு நூலில் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்த்து, ஈர்ப்பு மையம், காற்றின் தள்ளுவிசை ஒன்றுகூடிச் செயல்படும் அழுத்த மையத்துக்கு முன்னால் இருந்தால்தான் மூக்கு நேராக நிற்கும் என்பதைப் பிள்ளைகள் கையாலேயே உணர்ந்தார்கள். அடுத்து, தண்ணீரே இல்லாமல், கால் பாட்டில், மூன்றில் ஒரு பங்கு, பாதிக்கு மேல் என மாற்றி மாற்றி, ஒரே அழுத்தத்தில் ஏவினார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் பின்னால் தள்ளுவதற்குப் போதிய நிறை இல்லை, அதிகமானால் அழுத்தக் காற்றுக்கு இடமில்லை. மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நல்ல உயரம் கிடைத்தது. முப்பது மீட்டர் தள்ளி நின்று பாகைமானியால் ஏற்றக்கோணத்தை அளந்த என் அண்ணன் மகன், 52 டிகிரி என்று குறித்து, தன் கண்ணின் உயரத்தையும் கூட்டி, ஏறத்தாழ நாற்பது மீட்டர் என்று விடை சொன்னான். பத்தாம் வகுப்பில் முக்கோணவியலைக் கண்டு அஞ்சும் எத்தனையோ மாணவர்களை நான் அறிவேன்; அவர்கள் எல்லோரும் அன்று அந்தப் புல்வெளியில் இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, விளம்பரத்தில் பெரிதாகக் காட்டிய விமான சிமுலேட்டர் ஏமாற்றமே. முப்பத்தாறு பிள்ளைகளுக்கு இரண்டு கணினிகள். ஆளுக்கு நான்கு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. மெய்நிகர் கண்ணாடியும் அப்படித்தான்.

விமானம் எப்படி மேலெழுகிறது என்ற பாடத்தில் நேர்ந்த ஒரு பிழையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்று நீண்ட தூரத்தை அதே நேரத்தில் கடந்து, கீழே வரும் காற்றோடு பின்முனையில் சேர வேண்டும் என்றும், அதனால்தான் அது விரைகிறது என்றும் ஒரு பயிற்றுநர் விளக்கினார். பல புத்தகங்களில் உள்ள விளக்கம்தான், ஆனால் தவறு. இரண்டும் ஒரே நேரத்தில் சேர வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. உண்மையில் மேலே போகும் காற்று முந்திக்கொண்டே பின்முனையை அடைகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, அதன் எதிர்வினையாகத் தானும் மேலே தள்ளப்படுகிறது என்று தொடங்கினால், தட்டையான காகித விமானம் பறப்பதற்கும் விளக்கம் கிடைத்துவிடும். தனியாக எடுத்துச் சொன்னபோது அவர் மனம் கோணாமல் கேட்டு, மறுநாள் காலை எல்லோர் முன்னிலையிலும் திருத்திச் சொன்னார். அது பெரிய பண்பு. ஆயினும் கொடுத்தனுப்பிய கையேட்டில் பழைய விளக்கமே அச்சாகியிருக்கிறது.

வானம் பார்ப்பதில் முதல் இரவு மூடுபனி கெடுத்தது. மே மாத ஏற்காட்டில் இது எதிர்பார்க்க வேண்டியதே என்றாலும், மாற்று ஏற்பாடாக ஒரு காணொளியைத் தவிர வேறொன்றும் அவர்களிடம் இல்லை. இரண்டாம் இரவு ஒன்றரை மணி நேரம் வானம் தெளிந்தது. கையை நீட்டி, விரல்களை மடக்கிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி என்ற கணக்கில், துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு முட்டிக்குச் சற்று மேலே இருப்பதை அளந்து, அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை என்று கண்டார்கள். எதிர்த்திசையில் தென்சிலுவையும் தெரிந்தது, ஆனால் தெற்கே கீழே கிடக்கும் சேலத்தின் விளக்கொளி அதைப் பெரிதும் மங்கச் செய்திருந்தது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது வேறொன்று. சுவரெங்கும் வெளிநாட்டு விண்வெளி வீரர்களின் படங்களை ஒட்டியிருந்தவர்கள், நம் மண்ணின் பங்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சந்திரயானின் தரையிறங்கு கலத்தையும் உலாவியையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, பக்கத்து நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தோசைட் பாறைதான் உதவியது. அதைக் கண்டறிந்து அனுப்புவதில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்குப் பங்குண்டு. சந்திரயான்-2ஐ ஏந்திச் சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த எரிபொருளில் இயங்கும்) எஞ்சினுக்குச் சிறப்பு வகைத் துருப்பிடிக்காத எஃகு சேலம் உருக்காலையிலிருந்து போனது. கூடத்தில் ஒரு துண்டு அனார்த்தோசைட் கல்லை வைத்திருந்தாலே போதும், பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

வேலைவாய்ப்பு வகுப்பு முழுவதும் விமானி ஆவதைப் பற்றியே பேசியது. விமானப் பராமரிப்பு, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, வானிலை ஆகியவற்றுக்கு நேரமே ஒதுக்கவில்லை. இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும்: ஒன்பதாம் வகுப்பில் படிப்பவர்களுக்காக இஸ்ரோ 2019 முதல் நடத்தும் யுவிகா பயிற்சியில் தேர்வானால் பயணச் செலவையும் தங்கும் செலவையும் இஸ்ரோவே ஏற்கிறது. அந்த வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

ராக்கெட் ஏவிய அன்று, வேலிக்கு அப்பால் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். காபித் தோட்டத்துக்குள் விழுந்த ராக்கெட்டுகளைத் தேடி எடுத்து வந்து கொடுத்தவர்கள் அவர்களே. முகாமில் சேர்ந்திருந்த முப்பத்தாறு பேரில் அரசுப் பள்ளிப் பிள்ளை ஒருவர்கூட இல்லை. அமைப்பாளர்களிடம் இதைச் சொன்னேன். டிசம்பர் முகாமில் ராக்கெட் நாளன்று மட்டுமாவது உள்ளூர்ப் பள்ளியிலிருந்து பத்துப் பேரைக் கட்டணமின்றிச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாளுக்கான பாட்டில்களையும் பம்புகளையும் நான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.