பெய்ஜிங் லாமா கோயில் அரைநாள் தனிச் சுற்றுலா: கட்டும் காசுக்குத் தகுமா?

மலேசியக் கடப்பிதழ் மட்டும் இருந்தால் போதும், விசா இல்லாமல் முப்பது நாள் சீனாவில் இருந்துவிட்டு வரலாம் என்ற ஒப்பந்தம் 2025 ஜூலை 17-இல் நடப்புக்கு வந்தது. சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இப்போது பெய்ஜிங் போகத் திட்டம் போடும் குடும்பங்கள் உண்டு. பெருஞ்சுவரும் அரண்மனையும் எல்லா பேக்கேஜிலும் இருக்கின்றன. அவற்றோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும்படி ஏஜெண்டுகள் காட்டும் ஓர் அரைநாள் சுற்றுலா இருக்கிறது: காலையில் லாமா கோயில் என்று சொல்லும் யோங்ஹகோங், அதாவது திபெத்திய பௌத்தக் கோயில், அதை முடித்துக்கொண்டு எதிர்த்தெருவில் கன்பூசியஸ் கோயிலும் பழைய அரசக் கல்விக்கூடமும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி. மலாயோ ஆங்கிலமோ கேட்டு வாங்கலாம். மொத்தம் மூன்றரை மணி நேரம். நான்கு பேருக்கு 780 வெள்ளி (ரிங்கிட்). நுழைவுச் சீட்டும் ஹோட்டலிலிருந்து காரும் அதில் அடக்கம். சாப்பாடும் திரும்பி வரும் செலவும் சேராது.

தகும். ஆனால் மூன்று காரியங்களை முன்கூட்டியே பேசி முடித்தால்தான் தகும்: திங்கட்கிழமை வேண்டாம், லாமா கோயிலுக்கு முழுதாக இரண்டு மணி நேரம், கடை எதிலும் நிறுத்தக் கூடாது.

திங்கட்கிழமை கன்பூசியஸ் கோயில் பூட்டியிருக்கும். ஏஜெண்டுகள் ஞாயிறு இரவு விமானம் இறங்குகிறவர்களுக்கு மறுநாள் காலையிலேயே இந்தச் சுற்றுலாவைப் போட்டுவிடுவார்கள். பிறகு வாசலில் நின்றுகொண்டு, "பரவாயில்லை, தெருவைச் சுற்றிப் பார்க்கலாம்" என்று பேச்சு வரும். பாதிக் கோயில் போய்விடும், காசு திரும்பாது. இன்னொன்று, இரண்டு இடத்துச் சீட்டும் கடப்பிதழ் எண்ணோடு முன்பதிவு செய்வது. பெயரில் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) என்ற மலாய்ச் சுருக்கம் வருகிற நம் ஆட்களுக்கு இங்கேதான் சிக்கல். ஏஜெண்ட் ஒரு மாதிரி அடிப்பார், கடப்பிதழில் வேறு மாதிரி இருக்கும். பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். கடப்பிதழின் படப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, பதிவான எண்ணைத் திரும்பக் காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு அசல் கடப்பிதழும் கையில் இருக்க வேண்டும். ஹோட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டு வந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

வழிகாட்டி இல்லாமல் போனால் சீட்டுச் செலவு ஆளுக்கு 55 யுவான்தான்: லாமா கோயில் 25, கன்பூசியஸ் கோயிலும் கல்விக்கூடமும் சேர்ந்து 30. வெள்ளிக் கணக்கில் முப்பது சொச்சம். மெட்ரோவில் இரண்டாம் தடத்திலோ ஐந்தாம் தடத்திலோ யோங்ஹகோங் நிலையத்தில் இறங்கினால் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியானால் மீதிக் காசு எதற்குக் கொடுக்கிறோம்? விளக்கத்துக்குத்தான். அந்த விளக்கம் சரியாக இருந்தால் நம் ஆட்களுக்குக் கிடைப்பது மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிட அதிகம்.

வாசல் பலகையிலேயே அது தொடங்குகிறது. நீல நிறப் பலகையில் நான்கு எழுத்துகள்: சீனம், மஞ்சூ, மங்கோலியம், திபெத்தியம். 1694-இல் இளவரசர் ஒருவரின் மாளிகையாகக் கட்டியது. அவர் பின்னால் யோங்செங் பேரரசர் ஆனார். அவர் மகன் சியென்லோங் 1744-இல் இதை லாமாக்களின் மடமாக மாற்றினார். அரசாண்டவர்கள் மஞ்சூக்கள், மதம் திபெத்திலிருந்து, அதைக் கும்பிட்டவர்களில் மங்கோலியர் நிறைய, ஊர் சீனர்களுடையது. அதனால் நான்கு எழுத்து. இதில் திபெத்திய வரியைக் காட்டி அதன் அரிச்சுவடியைச் சொல்லச் சொல்லுங்கள். க, க்ஹ, க, ங என்று வரும். பிறகு ச வரிசை, ஞ-வில் முடியும். த வரிசை ந-வில், ப வரிசை ம-வில். க ங ச ஞ என்று நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டில் படிக்கும் அதே அடுக்கு. ஏழாம் நூற்றாண்டில் இந்திய எழுத்து முறையிலிருந்து எடுத்துக்கொண்ட எழுத்து என்பதால் வாயில் ஒலி பிறக்கும் இடத்தின் வரிசை அப்படியே போயிருக்கிறது. இதைச் சொல்லாத வழிகாட்டி பாதிச் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறார்.

உள்ளே நுழைந்ததும் இலவச ஊதுபத்தி கொடுப்பார்கள். தொப்பை மைத்ரேயர் (இனி வரப்போகும் புத்தர்) இருக்கும் முதல் மண்டபத்திலேயே எல்லாவற்றையும் கொளுத்திவிடுவது வழக்கமான தவறு. மண்டபத்துக்கு மூன்று பத்தி, அதுவும் வெளிக் கலத்தில் மட்டும். மண்டபத்துக்குள் நெருப்பு கூடாது. மரக் கட்டடம், மரச் சிலை. மண்டபங்களுக்குள் படமெடுக்கவும் கூடாது. வாசற்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். நிலைக்கட்டை உயரம் என்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு தாண்டட்டும். ஒரு கோயிலில் இத்தனை நிலைக்கட்டையா என்று தோன்றும், ஆனால் படிகள் குறைவு. ஈப்போவின் பேராக் தோங் குகைக் கோயிலுக்குப் பின்னால் மலையேறிய கால்களுக்கு இது ஒன்றுமில்லை.

முதல் மண்டபத்தில் நான்கு திசைக் காவலர்கள் நிற்கிறார்கள். சீன மரபில் ஒருவர் கையில் வாள், ஒருவர் கையில் வீணை போன்ற பீப்பா என்னும் நரம்புக் கருவி, ஒருவர் கையில் குடை, ஒருவர் கையில் பாம்பு. சீன மொழியில் இந்த நான்கையும் சேர்த்தால், காற்று ஒழுங்காக வீசி மழை நேரத்துக்குப் பெய்யட்டும் என்ற வாழ்த்து வரும். விடியற்காலை மழை பிடித்துக்கொண்டால் அன்றைய ரப்பர் பால்வெட்டு போயிற்று என்று தெரிந்த தோட்டத்து மக்களுக்கு இந்த வேண்டுதலை விளக்க வேண்டியதில்லை. மைத்ரேயருக்கு முதுகுப் பக்கம், வடக்கு வாசலைப் பார்த்துக் கவசம் போட்ட ஓர் இளம் வீரர் நிற்பார். கூட்டம் அவரைக் கவனிக்காமல் கடந்துவிடும். நீங்கள் நில்லுங்கள். அவர் வெய்துவோ, கோயில் காவல் தெய்வம். பௌத்தத்தோடு சீனாவுக்குப் போன ஸ்கந்தன்தான் இவர் என்று சொல்வார்கள். வேலுக்குப் பதில் வச்சிரத் தண்டு. ஈப்போவின் சீனக் கோயில்களிலும் இவர் பெரும்பாலும் இதே இடத்தில்தான் நிற்கிறார், முன் மண்டபத்துத் தெய்வத்தின் முதுகுக்குப் பின்னால். நாம்தான் திரும்பிப் பார்ப்பதில்லை. தைப்பூசத்துக்குக் காவடி தூக்கும் குடும்பத்துக்கு இந்த ஒரு நிமிடம் மட்டுமே பயணத்தில் மறக்காமல் இருந்தால்கூடப் போதும்.

அடுத்த மண்டபத்தில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று புத்தர்கள். அதற்கு முன் முற்றத்துச் சிறு மண்டபத்தில் ஒரு கல்வெட்டு, நான்கு பக்கமும் நான்கு மொழி. 1792-இல் சியென்லோங் எழுதியது. திபெத்திய மதத் தலைவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் அரசின் பிடியை உறுதிசெய்யும் எழுத்து அது. பக்தி மட்டும் இந்தக் கோயிலைக் கட்டவில்லை, அரசியலும் சேர்ந்து கட்டியது. வழிகாட்டிகள் இந்த இடத்தை வேகமாகக் கடப்பார்கள்; கேட்டால் சொல்வார்கள்.

கையால் உருட்டி வேண்டிக்கொள்ளும் மணிச் சக்கரங்களை வலமாகவே சுற்ற வேண்டும். நாம் கோயில் சுற்றும் திசைதான், சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் பொறித்திருப்பது 'ஓம் மணி பத்மே ஹூம்'. மணி என்றால் இரத்தின மணி, பத்மம் என்றால் தாமரை. பாட்டிமார்கூட வழிகாட்டிக்கு முன்னால் படித்துச் சொல்லிவிடலாம்.

நான்காம் மண்டபம்தான் இந்தக் கோயில் திபெத்தியக் கோயில் என்று கண்ணுக்குக் காட்டுகிறது. கூரை மேல் ஐந்து சிறு கோபுரங்கள் போல எழுப்பி, அவற்றின் வழியாக வெளிச்சம் இறங்கும்படி செய்திருக்கிறார்கள். கீழே லாமாக்கள் உட்கார்ந்து ஓதும் நீள மெத்தைப் பலகைகள். நடுவில் ஆறு மீட்டருக்குச் சற்று அதிகமான சோங்காபா வெண்கலச் சிலை. 1357-இல் பிறந்து 1419-இல் மறைந்த துறவி, மஞ்சள் தொப்பிக்காரர்கள் என்று சொல்லும் கெலுக் மரபைத் தொடங்கியவர். சிலைக்குப் பின்னால் போங்கள். மரத்தில் செதுக்கிய ஒரு மலை, பெயர் ஐந்நூறு அருகதர் மலை; அதில் இருக்கும் அருகதர்கள், அதாவது ஞானம் பெற்ற சீடர்கள், பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, வெள்ளீயம் என்று ஐந்து உலோகங்களில் வார்த்தவர்கள். பக்க மண்டபங்களில் துணி சுற்றிய சிலைகள் இருக்கும். ஆணும் பெண்ணும் இணைந்த தாந்திரிக உருவங்கள் அவை. பிள்ளைகள் துணியைத் தூக்கிப் பார்க்கப் போவார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசி மண்டபத்துக்கு முப்பது நிமிடம் ஒதுக்கச் சொல்வது இதற்காகத்தான்: ஒரே சந்தன மரத்தில் செதுக்கிய மைத்ரேயர். மொத்தம் 26 மீட்டர். 8 மீட்டர் மண்ணுக்குள், 18 மீட்டர் மேலே. பேராக் தோங்கில் அமர்ந்திருக்கும் பெரிய புத்தர் 12.8 மீட்டர். அதை நிமிர்ந்து பார்த்த கழுத்து இங்கே இன்னும் பின்னால் சாய வேண்டும். ஏழாம் தலாய் லாமா கொடுத்த மரம், பெய்ஜிங் வந்து சேர மூன்று ஆண்டு பிடித்தது. மரத்தை நட்டு நிறுத்திய பிறகே மூன்று மாடி மண்டபத்தைச் சுற்றிக் கட்டினார்கள். 1990-இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. வாசலில் நின்றால் பாதமும் அங்கியும்தான் தெரியும், தலை இருட்டில் மறைந்திருக்கும். இடப்பக்கமாக நுழைந்து, சிலையின் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி நின்று அண்ணாந்து பாருங்கள். மாடிகளின் கைப்பிடிகளுக்கு நடுவே முகம் வரும். கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடமாவது ஆகும். அவசரப்படுத்தும் வழிகாட்டியோடு போனால் பாதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

இங்கேதான் இந்தச் சுற்றுலாவின் பெரிய குறையும் இருக்கிறது. கோயிலுக்குள் ஊதுபத்திச் சாம்பல் கலந்து செய்த பாசிமணி வளையல் விற்கும் இடத்தில் வரிசை நீளம். வேண்டும் என்றால் நீங்கள் வரிசையில் நிற்கும் நேரம் விளக்க நேரத்திலிருந்து கழியும். அதைவிட மோசம், வெளியே வந்ததும் சாலையோரக் கடைகள். "நண்பர் கடை, ஐந்து நிமிடம்" என்பார்கள், முக்கால் மணி போய்விடும். பிறகு கன்பூசியஸ் கோயில் ஓட்டமாக முடியும். ஜோசியம் சொல்கிறேன் என்று கையைப் பிடிப்பவர்களையும் கும்பிட்டு ஒதுங்குங்கள்.

சாலையைத் தாண்டி, வண்ணத் தோரண வாசலின் கீழ் நடந்தால் குவோசிஜியான் தெரு. கன்பூசியஸ் கோயிலை 1302-இல் கட்டத் தொடங்கினார்கள். பெரிய மண்டபத்துக்குள் சிலையைத் தேட வேண்டாம், அங்கே இருப்பது பெயர் எழுதிய மரப்பலகைதான். முற்றத்துக் கற்பலகைகள்தான் இங்கே பார்க்க வேண்டியவை. 198 பலகைகளில் 51,624 பெயர்கள். அரசின் உச்சத் தேர்வில் தேறியவர்கள், பெயரோடு சொந்த ஊரும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். எஸ்பிஎம், எஸ்டிபிஎம் பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த ஊர்ப் பெயர்களைக் காட்டுங்கள். எங்கோ ஒரு கிராமத்திலிருந்து வந்து கல்லில் ஏறியவர்கள். பக்கத்துத் தாழ்வாரத்தில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட கல் நூலகம், ஒரே ஆள் பன்னிரண்டு ஆண்டு எழுதிய மூலத்திலிருந்து வெட்டியது. கல்விக்கூடத்தில் வட்டக் குளத்தின் நடுவே சதுர மண்டபம், பேரரசர் பாடம் சொன்ன இடம். இதற்கு ஒரு மணி நேரம் போதும்.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் கவனிக்க: காலை ஒன்பது மணிக்கு அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும், மண்டபங்களுக்கு இடையே எல்லாம் திறந்தவெளி. கையுறை, காதை மூடும் தொப்பி, தடித்த அடி உள்ள சப்பாத்து, இந்த மூன்றும் கட்டாயம். பழைய துணி விற்கும் பண்டல் கடையில் குளிர்சட்டை மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஸிப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வெயிலுக்கு அஞ்சுகிறவர்கள் ஜூலையில் போக வேண்டாம். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பக்தர் கூட்டம். சிலையைப் பார்க்க வருகிறவர்கள் அந்த இரு நாளைத் தவிர்க்கலாம்.

ஹோட்டல் வைஃபையில் வாட்சப் வராது, வழிகாட்டியைத் தேடித் தவிப்பீர்கள். மலேசிய எண்ணில் ரோமிங் போட்டுக்கொண்டால் வரும். காசுக்கு அலிபேயில் அட்டையை இணைத்துக்கொள்ளுங்கள், நம் டச் அன் கோ மின்பணப்பையும் பல கடைகளில் செல்லும். சைவம் சாப்பிடுகிறவர்கள் "வோ ச்ர் சூ" என்று சொல்லலாம். பௌத்த சைவக் கடைகளில் வெங்காயம், பூண்டும் இருக்காது. விரதம் இருப்பவர்களுக்கு நிம்மதி.

ஏஜெண்டுக்கு அனுப்பும் செய்தியில் இவற்றை எழுதுங்கள்: செவ்வாய் முதல் ஞாயிறுக்குள் ஒரு நாள், காலை 8.45-க்கு வாசலில், லாமா கோயில் இரண்டு மணி நேரம், சந்தன மண்டபம் முப்பது நிமிடம், கடை நிறுத்தம் இல்லை, வழிகாட்டிக்கு மலாய் தெரிய வேண்டும். பதில் எழுத்தில் வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.